இலைக்கும் அன்னத்துக்கும் ஒரே ஆணி

1

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதாக இருந்தது. பல் மருத்துவர் தாமதமாக வந்தார். அந்தத் தாமதத்தில் பிறந்தது இந்தக் கதை. அவர் நேரத்துக்கு வந்திருந்தால் நீங்கள் தப்பித்திருப்பீர்கள்.

காத்திருக்கும் அறையின் சுவரில் ஒரு படம். கிராஸ் ஸ்டிச், நூலில் கட்டம் கட்டமாகப் போட்டது. குளத்தில் இரண்டு அன்னங்கள் கழுத்தை வளைத்து நெற்றியை முட்டிக்கொண்டிருந்தன. இரண்டு கழுத்துக்கும் நடுவிலிருந்த இடைவெளி இதய வடிவில் இருந்தது. யாரும் கவனிக்காமல் போய்விடக் கூடாது என்று அதற்குச் சிவப்பு ஓரம் வேறு. இந்த வகைப் படங்கள் எனக்கு ஆகாது. ஆனால் பல்வலியோடு உட்கார்ந்திருப்பவருக்கு எந்தச் சுவரைப் பார்ப்பது என்ற உரிமையெல்லாம் கிடையாது. பார்த்தேன்.

குளத்தின் இடப்பாதி மங்கலாக இருந்தது. வலப்பாதி பளபளத்தது. தலையைச் சாய்த்தேன். இப்போது இடப்பாதி பளபளத்தது, வலப்பாதி மங்கியது. நூல் ஒன்றுதான். நீலமும் ஒன்றுதான்.

வரவேற்பு மேசையிலிருந்த பெண்ணிடம் கேட்டேன். கன்னம் வீங்கியிருந்ததால் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"அதுவா? பாதிக்கு மேல வேற கை," என்றாள், நிமிராமலே.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

(கதைக் கரு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எழுதுகிறவர்கள் வாழ்க்கை என்பார்கள், வலி என்பார்கள். வலி உண்மைதான். எந்தப் பல் என்றுதான் சொல்ல மாட்டார்கள்.)

2

தொடக்கங்கள்.

முதல் முயற்சி: "அந்த வீட்டில் மௌனம் ஒரு நூலைப் போல ஒவ்வொருவரையும்—"

நிறுத்திவிட்டேன். நூல் பொருளாக வரும் கதையில் நூல் உவமையாக வரக் கூடாது. இனி இந்தக் கதையில் வாழ்க்கை ஊசியாகாது, உறவு முடிச்சாகாது. இது வாக்குறுதி.

இரண்டாம் முயற்சி: "மாமியார் கொடுமைக்காரி."

சின்ன வாக்கியம். எனக்குச் சின்ன வாக்கியம் பிடிக்கும். ஆனால் பொய். அதைவிட மோசம், எழுதி முடித்த உடனே எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாம் முயற்சி: "அந்த வீட்டுக் கூடத்தில் ஒரே ஓர் ஆணிதான் இருந்தது."

இது நின்றது.

3

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரே ஓர் ஆணிதான் இருந்தது. வாடகை வீடு. சுவரில் துளை போடக் கூடாது என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. முன்பு குடியிருந்த யாரோ துணிந்து அடித்துவிட்டுப் போன ஆணி அது.

அந்த ஆணியில் மருமகளின் இலை தொங்கியது.

மருமகளுக்கு ஒரு வேலை வேண்டும். பல் மருத்துவமனையில் கண்ட பெண்ணை அப்படியே தூக்கிக் கதைக்குள் போட்டால் அடுத்த முறை எனக்கு மரத்துப்போகும் ஊசியைக் குறைத்துப் போடுவார்கள். அதனால் மருமகளை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்த்தேன். அங்கே அவள் நாள் முழுக்க, "இதுல தெளிவா தெரியுதா, அதுலயா?" என்று கேட்பாள். முகத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத சட்டத்தை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பவர்களிடம், "உங்களுக்கு எடுப்பா இருக்குங்க," என்பாள். கூசாமல் சொல்வாள். கைதேர்ந்தவள்.

இலைக்கு வருகிறேன். சின்னச் சட்டத்துக்குள் உள்ளங்கை அகல வெள்ளைத் துணி. அதில் கரும்பச்சை நூலில் ஓர் இலை. காம்புத் தையல். முழு இலைகூட இல்லை. ஒரு விளிம்பும் நடு நரம்பும் மட்டும். மறு விளிம்பு கிடையாது. பார்க்கிறவரின் கண் அதைப் போட்டுக்கொள்ளும் என்பது மருமகளின் எண்ணம். அந்த ஒரு விளிம்பின் வளைவு சரியாக வருவதற்குள் அவள் எத்தனை முறை பிரித்தாள் என்பது துணிக்குத்தான் தெரியும். வீட்டிலிருந்த சோபா வீட்டோடு வந்தது. திரைச்சீலை கணவனின் சிநேகிதன் கொடுத்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கடைக்காரனே பூப் போட்டிருந்தான். அந்த வீட்டில் அவள் விரும்பியபடியே இருந்த ஒரே பொருள் அந்த இலை.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் தொங்குவது அவன் தொழில். அவனை நான் வேறு வேலைக்கு மாற்றியிருக்கலாம். மனசு வரவில்லை.

4

மாமியார் இந்த வீட்டுக்கு வந்து சில வருடம் ஆகிறது. வந்தபோது ஒரு பெட்டியில் துணிமணியும் இரண்டு பெட்டியில் எம்பிராய்டரியும் கொண்டுவந்தார். அவருடைய கொள்கை ஒன்றே: துணி தெரியக் கூடாது. தலையணை உறையில் ரோஜா. மிக்ஸிக்கு உறை, அதில் கிளி. ரிமோட்டுக்கு உறை. மூக்குக்கண்ணாடி உறைக்கு ஓர் உறை. மருமகள் கடையிலிருந்து திரும்பும்போது சாப்பாடு சூடாக இருக்கும். மூடியிருக்கும் துணியில் முயல் ஒன்று காரட் கடித்துக்கொண்டிருக்கும்.

மகனோடு அவளுக்குச் சண்டை வந்தால் மாமியார் அவள் பக்கம்தான் பேசுவார். "நீ வாய மூடுடா, அவ சொல்றது சரி," என்பார், என்ன சண்டை என்று கேட்காமலே.

மருமகளுக்கு மாமியாரைப் பிடிக்கும். மாமியாரின் முயலைப் பிடிக்காது. முயலையும் மாமியாரையும் எப்படித் தனித்தனியாகப் பிரித்து வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

அந்த இலையைப் பற்றி மாமியார் இத்தனை வருடத்தில் ஒரு சொல் சொன்னதில்லை. இதை மருமகள் நாகரிகம் என்று எடுத்துக்கொண்டாள்.

5

ரசனை பற்றி இரண்டு பத்தி. வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். அடுத்த எண்ணில் ஒருவர் நாற்காலியிலிருந்து விழுகிறார்.

எம்பிராய்டரி செய்கிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. முதல் கட்சிக்குத் துணி ஒரு வீடு. நூல் விருந்தாளி, வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். இரண்டாம் கட்சிக்குத் துணி என்பது உடுத்தாமல் நிற்கும் ஓர் உடம்பு. போர்த்திவிடுவது நம் கடமை. இரு கட்சியிலும் யாரும் "இது என் விருப்பம்" என்று சொல்வதில்லை. "அடக்கமா இருக்கு" என்பார்கள். "லட்சணமா இருக்கு" என்பார்கள். கொஞ்சமாகத் தைப்பவர் தன்னைப் பக்குவப்பட்டவர் என்று நினைத்துக்கொள்கிறார். நிறையத் தைப்பவர் தன்னைத் தாராளமானவர் என்று நினைத்துக்கொள்கிறார். முன்னவர் வெறும் சோம்பேறியாகவும் பின்னவர் நிறுத்தத் தெரியாதவராகவும் இருக்க வாய்ப்புண்டு.

நான் முதல் கட்சி. ஆகவே என் தராசைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அன்னங்களின் இதயத்தைக் கேலி செய்தேன் அல்லவா? அவற்றின் கழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அங்கே வெள்ளையிலேயே பல வெள்ளை இருந்தது. நிழல் விழும் இடத்தில் சாம்பல் கலந்தது. நீரை ஒட்டி நீலம் கலந்தது. கட்டம் கட்டமாக எண்ணி ஒருவர் போட்டிருந்தார். அதை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

6

மாமியார் நாற்காலியிலிருந்து விழுந்தார்.

பல் மருத்துவமனையில் பார்த்த அன்னப் படத்தை அவரிடம் கொடுத்திருந்தேன். பாதிக்குமேல் முடித்திருந்தார். அன்னங்கள் ஆயிற்று; கரை ஆயிற்று; குளத்தில் இடப்பாதி ஆயிற்று. முடிந்ததும் எங்கே மாட்டுவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவ்வளவு பெரிய சட்டத்தை ஆணி தாங்குமா என்று பார்க்க நாற்காலியில் ஏறினார். ஆணி தாங்கியது. நாற்காலி தாங்கவில்லை. வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டுப் போட்டார்கள்.

"மீதித் தண்ணிய நீ போட்டுக் குடுத்துடும்மா," என்றார் மருமகளிடம்.

"எனக்கு கிராஸ் ஸ்டிச் பழக்கமில்ல அத்தை."

"பெருக்கல் குறி போடத் தெரியாதா உனக்கு? நூல்ல போடு."

"அவசரமில்லையே. உங்க கை சரியானதும் நீங்களே…"

"அதுவரைக்கும் ரெண்டும் பாதித் தண்ணியிலயா நிக்கும்?"

நிலைமை இதுதான். அன்னம் முடிந்தால் ஆணிக்கு வரும். இலை இறங்கும். முடித்துக் கொடுக்க வேண்டியவளும் இலைக்கு உரியவளும் ஒருத்தியே. "அத்தை, எனக்கு அது பிடிக்கல" என்று ஒரு வாக்கியம் போதும். கடையில் எத்தனையோ பேரிடம் எவ்வளவோ லாகவமாகப் பேசியவள், இந்த ஒரு வாக்கியத்தைக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்தாள். வெளியே வந்தால் மாமியார் இடது கையால் தோசைக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "ஆறிடப் போகுது, வா," என்பார். வாக்கியம் உள்ளே போய்விடும்.

(திருத்தம்: தோசை என்று எழுதினால் அது எந்த ஊர் என்று ஆரம்பித்துவிடுவீர்கள். வெறும் கரண்டி என்று வாசிக்கவும்.)

கணவனைக் கேட்டாள்.

"ஏங்க, அந்த அன்னம் உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

"என் இலை?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"நான் லிஃப்ட் பாக்கறவன். மேலயும் போகணும், கீழயும் வரணும். ஒரே மாடியில நின்னுட்டா ரிப்பேர்னு அர்த்தம்."

7

தைக்க உட்கார்ந்தாள். மாமியார் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். மாவுக்கட்டை மடியில் ஒரு குழந்தையைப் போல வைத்துக்கொண்டார்.

"அங்க ஒரு கட்டம் விட்டுட்ட."

"விடல அத்தை. கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கட்டும்னு…"

"தண்ணிக்கு எதுக்கும்மா மூச்சு? நிரப்பு."

நிரப்பினாள்.

இங்கே ஒரு தொழில் நுட்பம் சொல்ல வேண்டும். பெருக்கல் குறிக்கு இரண்டு கால். கீழ்க்கால், அதன்மேல் மேல்கால். படம் முழுக்க மேல்கால் ஒரே பக்கமாகச் சாய வேண்டும். மாறினால் வெளிச்சம் வேறு கோணத்தில் பட்டு நூல் வேறு மாதிரி மின்னும். மருமகள் இடக்கைக்காரி. அவள் கைக்கு வசதியான சாய்வு மாமியாரின் சாய்வுக்கு நேர் எதிர்.*

அவள் இதை எப்போது கவனித்தாள்?

முதல் படியில், எல்லாம் முடிந்த பிறகே கவனித்ததாக எழுதினேன். அய்யோ என்று நெற்றியில் கை வைத்தாள். படித்துப் பார்த்தேன். நம்பிக்கை வரவில்லை. நாள் முழுக்க மூக்குக்கண்ணாடி வில்லையை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துக் கீறல் தேடுகிறவள், அரைக் குளம் முடியும்வரை பார்க்காமல் இருப்பாளா? அவளை எனக்குப் பிடிக்கும் என்பதற்காக அவள் கண்ணைக் கெடுத்திருக்கிறேன்.

இரண்டாம் படி. தைக்கத் தொடங்கிய சற்று நேரத்திலேயே கவனித்துவிட்டாள். ஜன்னல் பக்கம் துணியைத் திருப்பியபோது தன் வரிசைகள் தனியே மின்னின. பிரிப்பது சுலபம், கொஞ்சம்தான் போட்டிருந்தாள். மாமியார் கண்ணயர்ந்திருந்தார். மருமகள் துணியைப் பார்த்தாள். சுவரில் இலையைப் பார்த்தாள். பழுதான படத்தை இவர் கூடத்தில் மாட்ட மாட்டார் என்ற எண்ணம் வந்தது. எண்ணம் வந்ததற்காக வெட்கமும் வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே ஊசியில் நூலைக் கோத்தாள். அதே சாய்வில் தொடர்ந்தாள்.

முன்பைவிட வேகமாக.

இந்தப் படியைத்தான் வைத்துக்கொண்டேன். அவள் மேல் மரியாதை கொஞ்சம் குறைந்தது, நம்பிக்கை கூடியது.

* இடக்கைக்காரர்கள் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. மனசு வைத்தால் மற்றவர் சாய்விலேயே போடலாம். அவள் மனசு வைக்கவில்லை.

8

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மாமியார் துணியை ஜன்னலருகே கொண்டுபோய் விரித்தார். மருமகள் பின்னால் நின்றாள்.

முடிவு ஒன்று: மாமியார் பழுதைக் கண்டு விம்முகிறார். மருமகள் காலில் விழுந்து உண்மையைச் சொல்கிறாள். இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். பின்னணியில் வயலின். இதைத் தொலைக்காட்சிக்கு அனுப்பலாம்.

முடிவு இரண்டு: மாமியார் புன்னகைக்கிறார். அவருக்கு எல்லாம் முன்பே தெரியும். "ரெண்டு கை சேந்தாத்தாம்மா குளம்," என்பது போல ஏதோ சொல்லி… இல்லை. மாமியார்கள் கடைசிப் பக்கத்தில் ஞானியாவதை நிறையப் படித்தாகிவிட்டது. இவருக்கு அதற்கு நேரமும் இல்லை. கிளி உறையில் ஓரம் பிரிந்திருக்கிறது.

முடிவு மூன்று: கணவன் சுத்தியலோடு வந்து இன்னோர் ஆணி அடிக்கிறான். தீர்ந்தது. ஆனால் இன்னோர் ஆணியில் தீர்வதற்கு இவ்வளவு நேரம் எங்களை ஏன் உட்கார வைத்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். வீட்டுக்காரரும் கேட்பார்.

மூன்றையும் அடித்துவிட்டு அவரை ஜன்னலருகே நிற்கவிட்டேன். அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தேன்.

துணியைச் சாய்த்தார். மறுபடி சாய்த்தார். அதை அப்படியே வைத்துவிட்டுத் தன் தலையைச் சாய்த்தார்.

"ஏம்மா, இங்க வா. உன் பக்கம் வேற மாதிரி மின்னுது."

"ஆமா அத்தை."

"எப்படிப் பண்ணின?"

"இடது கை, அத்தை. மாத்திச் சாய்ஞ்சிடுச்சு போல."

மாமியார் தலையை மறுபக்கம் சாய்த்துப் பார்த்தார். அவள் காத்திருந்தாள்.

"இத்தனை காலமா நானும் தண்ணி போடறேன்," என்றார் கடைசியில். "ஒரு தடவகூட அசைஞ்சதில்ல. இது அசையுது பாரு. டேய், இங்க வாடா. இங்க நின்னு தலைய இப்படியும் அப்படியும் ஆட்டு."

மகன் வந்து நின்று தலையை ஆட்டினான். அது அவனுக்கு வழக்கம்தான்.

"அசையுதா?"

"அசையுதும்மா."

சட்டம் போட்டு அன்றே மாட்டினார்கள். ஆணி தாங்கியது. மாமியார் இலையைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் தூசி துடைத்தார்.

"இது என்கிட்ட இருக்கட்டும். பத்திரமா பாத்துக்கறேன்," என்றார். தன் அறைக்கு எடுத்துப் போனார்.

9

கதையை இங்கேயே முடிக்க இருந்தேன். சுவரில் அன்னங்கள். கீழே சோபாவில் மருமகள், தலையை அசைக்காமல். சுருக்கம், கொஞ்சம் சோகம், என் ருசிக்கு ஏற்ற அளவு.

ஆனால் மாமியாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அடுத்த நாளும் சாத்தியிருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று நான் எழுதவில்லை. ஆனால் ஏதோ நடந்துகொண்டிருந்தது. மருமகள் தட்டினாள்.

"வேலையா இருக்கேன்," என்று குரல் வந்தது.

"கைய ரொம்ப அலட்டிக்காதீங்க அத்தை. இப்பதான் கட்டுப் பிரிச்சிருக்கு."

"டாக்டர்தான் விரல அசைக்கச் சொன்னார்."

சாப்பாடு தாமதமாயிற்று. ஒரு நாள் கணவன் சமைத்தான். "நல்லாத்தான் இருக்கு," என்று அவனே சொல்லிக்கொண்டான்.

10

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு திறந்தது. கணவன் வீட்டில் இல்லை. எங்கோ ஒரு லிஃப்ட் நின்றுவிட்டதாகத் தொலைபேசி வந்த மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"உக்காரு. கண்ண மூடிக்க," என்றார் மாமியார்.

மருமகள் சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். மடியில் ஒரு சட்டம் வந்து உட்கார்ந்தது. அளவு தெரிந்த சட்டம்.

"ம், தொற."

இலைக்கு மறு விளிம்பு வந்திருந்தது, கிளிப்பச்சையில். நடுவில் துணி தெரியவில்லை. நரம்பு நரம்பாக நிரப்பியிருந்தது. காம்பு நீண்டு ஒரு ரோஜாவில் முடிந்தது. ரோஜாவுக்குத் துணையாக ஒரு மொட்டு. மொட்டை நோக்கி ஒரு வண்ணத்துப்பூச்சி. இலை மேல் ஒரு சிவப்பு வண்டு, முடிச்சுத் தையலில் கறுப்புப் புள்ளிகளோடு. சுற்றிலும் கிராஸ் ஸ்டிச்சில் ஓரம். ஓரத்தில் பாதிச் சுற்றுக்கு மேல்கால் ஒரு பக்கமும் மறு பாதிக்கு எதிர்ப்பக்கமும் சாய்ந்திருந்தன. அதை வரவழைக்க மாமியார் மெனக்கெட்டிருக்க வேண்டும். கரும்பச்சையில் அவள் போட்ட அந்த ஒரு விளிம்பு அங்கேயேதான் இருந்தது. தேடினால் கிடைக்கும்.

"வந்த நாளா பாக்கறேன்," என்றார் மாமியார். அவருடைய கண் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. "பாதி இலையப் போட்டுட்டு அப்படியே மாட்டி வெச்சிருந்த. கேட்டா மனசு கஷ்டப்படுவியோன்னு நான் வாயே தொறக்கல. காலையில போனா பொழுது சாய்ஞ்சுதான் வர்ற. எங்க நேரம் உனக்கு? நீ என்னோடத முடிச்சுக் குடுத்த. நான் உன்னோடத முடிச்சேன்."

இந்த இடத்தில் கதையை நிறுத்துகிறேன். நேரமில்லாமல் நிறுத்தவில்லை, இதுதான் நான் வெட்டிய அளவு. மிச்சத்தைப் போட்டு முடித்துத் தர உங்களுக்குக் கை துறுதுறுக்கலாம். உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஆனால் ரோஜா வைப்பதற்கு முன் தயவுசெய்து ஒரு தடவை—

மருமகள் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கடையில் சொல்லும் வாக்கியங்கள் எல்லாம் வரிசையாக வந்து நாக்கில் நின்றன. குளியலறையில் ஒத்திகை பார்த்த வாக்கியமும் வந்து, வரிசையில் கடைசியாக நின்றது. மாமியார் அருகில் உட்கார்ந்து, இன்னும் சரியாக மடங்காத வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டே, சட்டத்துக்குள் குனிந்து பார்த்தார்.

"வெளிச்சத்துல பிடிச்சு நல்லா பாத்துச் சொல்லும்மா. இன்னும் எங்கயாவது காலியா தெரியுதா?"